உன் உள்ளங்காலை யார் பார்த்தார்கள்?

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ மூன்று விஷயங்கள் சொன்னாய். மாசிக்கு லீவு கிடைத்துவிட்டது, இந்த முறை காமன் கூத்தில் மதன் வேஷம் கட்டப்போகிறாய் என்பது முதலாவது. ஹோட்டலில் எல்லாருக்கும் இரத்தம் சோதித்தார்கள், உனக்குச் சீனி கொஞ்சம் கூட இருக்கிறதாம் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: வேலை முடிந்து வந்து படுத்தால் உள்ளங்கால் எரிகிறதாம், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்பதால் இருக்கும் என்று நீயே காரணமும் சொல்லிவிட்டாய். மூன்றுக்கும் நான் "சரி" என்றுதான் சொன்னேன். தொலைபேசியில் பேச வராதவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவதை நீ சொன்னபோது பக்கத்தில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த உன் அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் போஞ்சியைத் தொடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்காதே. அறைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்து, உட்கார்ந்து வாசி.

அப்பாவின் காலுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கம்பு குத்தியது, புண் பழுத்தது, ஆபரேஷன் செய்து விரல்களோடு முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். நாங்கள் உனக்குச் சொன்னதில் பொய் இல்லை. கம்பு குத்தியதற்கும் கத்தி வைத்ததற்கும் இடையில் நடந்ததைத்தான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். இப்போது, போஞ்சியை விட்டு எழுந்த அன்று மாலை, "அவனுக்கு எல்லாத்தையும் எழுது" என்று அவரேதான் சொன்னார்.

கம்புக்கு முன்னால் இருந்து தொடங்க வேண்டும். அப்பாவுக்குச் சீனி வந்து பல வருஷம். மாதம் தவறாமல் டவுன் கிளினிக்குக்குப் போய் வந்தார், மருந்தும் ஒழுங்காகக் குடித்தார். கிளினிக் நாளில் அவர் ஒரு காரியம் செய்வார், நீயும் சின்ன வயதில் பார்த்திருப்பாய். முதல் நாளே கறுப்புச் சப்பாத்தைப் பொலிஷ் போட்டு, படியில் வெயில் படும் இடத்தில் வைப்பார். டொக்டருக்கு முன்னால் செருப்போடு போய் நிற்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷமும், தன் பாதத்தை டொக்டருக்குக் காட்டாமலேயே திரும்பி வந்தார். "கால் எப்படி?" என்று கேட்பார்களாம். "நல்லா இருக்கு" என்பாராம். ஒரு முறை கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். "மழை, சேறு, அழுக்கா இருக்கு, அடுத்த மாசம் கழுவிட்டு வந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது யார்தான் வற்புறுத்துவார்கள்?

இது சோம்பல் இல்லை, பயமும் இல்லை. நம் ஆட்களிடம் கால் என்பது விழுந்து கும்பிட உரியது, இல்லையென்றால் மறைத்து வைக்க உரியது. தெரியாமல் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டி உட்காருவதில்லை. அப்படி வளர்ந்த மனிதர், தன் மகள் வயதில் இருக்கும் ஒரு படித்த பிள்ளை குனிந்து தன் உள்ளங்காலைத் தொடுவதை எப்படி ஒத்துக்கொள்வார்? எனக்கே கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவருடைய உள்ளங்கால் எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் விஞ்ஞானம் படித்தவள், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறவள். நரம்பின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். வீட்டில் பக்கத்தில் படுத்திருப்பவரின் நரம்பு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் செத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த மாசிக்கு வருகிறேன். காப்புக் கட்டினால் என்ன விதி என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும், நீ கட்டப்போகிறவன் என்பதால் எழுதுகிறேன். கம்பம் ஊன்றி, கையில் மஞ்சள் காப்புக் கட்டியதிலிருந்து பௌர்ணமியன்று காமனை எரிக்கும் வரைக்கும் கறி மீன் இல்லை, காலில் செருப்பு இல்லை, தோட்டத்து எல்லையைத் தாண்டுவதும் இல்லை. அப்பா அப்போது வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு வாத்தியாராக இருந்தார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் காப்பு உண்டு. அந்த வருஷம் பெக்டரிக்கு மேலே இருக்கிற மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிய தேயிலை மரம் எப்படி நிற்கும் என்று தெரியும்தானே, கீழே கிடக்கும் குச்சி ஒவ்வொன்றும் சீவிவிட்ட பென்சில் மாதிரி. பெக்டரி வேலை முடிந்ததும் கூத்துத் திடலுக்குச் சீக்கிரம் போக, அவர் அந்த மலைக்குள்ளால் வெறுங்காலோடு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை நான் பாடசாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போய்விட்டு உள்ளே வந்தார். சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு கால் தடம் ஈரமாக விழுந்தது, மற்றக் கால் தடம் விழவே இல்லை.

"என்னங்க, கால்ல என்ன?"

"என்ன கால்ல?"

"தரையப் பாருங்க."

"பனித்தண்ணி புள்ள."

"பனித்தண்ணி ஒத்தக் கால்ல மட்டுமா ஒட்டும்?"

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தன் காலைத் தானே கையால் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, சதைக்குள் ஒரு தேயிலைக் குச்சி முறிந்து நின்றது. சுற்றிலும் வெளுத்து, ஊறிப்போயிருந்தது. எத்தனை நாளாக அதோடு நடந்தாரோ. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வலிக்கவே இல்லியே" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது தம்பி. வலிக்கவில்லை, அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி. இந்தக் கடிதத்தில் நீ பயப்பட வேண்டிய வார்த்தை இது ஒன்றுதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயா குச்சியை எடுத்து, கழுவி, கட்டுப்போட்டார். நல்ல மனிதர், வேடிக்கையாகப் பேசுவார், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இது எங்கிட்ட முடியிற வேல இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

"காப்பு அவுத்ததும் மொத வேலையா போறேன் ஐயா" என்றார் அப்பா.

"அது வரைக்கும் காத்திருக்கியான்னு கால்கிட்ட கேட்டீங்களா?"

டிஸ்பென்சரி எல்லைக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அப்பாவுக்கு அவ்வளவுதான் கணக்கு. அதன் பிறகு தினமும் கட்டு மாற்றினார், தினமும் திடலுக்குப் போனார். வீட்டில் நான் கேட்ட ஒவ்வொரு முறையும் "பௌர்ணமி வரட்டும்" என்ற ஒரே பதில். வற்புறுத்திக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்குக் காமனிலும் நம்பிக்கை இல்லை, காப்பிலும் இல்லை. அது ஊருக்கே தெரியும். அதனாலேயே நான் திடலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால், அது காலைப் பற்றிய பேச்சாக இருக்காது, சாமியைப் பற்றிய பேச்சாகிவிடும் என்று தயங்கினேன். ஆனால் ஒரு மாலை அவர் சலங்கை கட்ட உட்கார்ந்தார். வாத்தியார் அடவு காட்ட எழும்பும்போது கட்டிக்கொள்வது வழக்கம். கணுக்கால் வீங்கி, சலங்கையின் கயிறு எட்டவில்லை. அவர் வேறொரு கயிறு எடுத்து, நீட்டி முடிந்துகொண்டு போனார். சிவப்பு, கட்டுக்கு மேலே கணுக்கால் வரை ஏறியிருந்தது. அறைக்குள் ஒரு வாடை இருந்தது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

திடலில் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தலைவர் இருந்தார், வேஷக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ரதி வேஷம் கட்டுகிற சுதாகரனை உனக்குத் தெரியும், உனக்கு மேல் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது திரீவீல் ஓட்டுகிறான். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, சத்தம் போடாமல்தான் சொன்னேன்: "இவரு கால இன்னைக்கு ஆஸ்பத்திரியில காட்டணும். நீங்கதான் அனுப்பி வைக்கணும்."

தலைவர் முகம் சுருங்கியது. "டீச்சர், காப்புக் கட்டுனவரு எல்லை தாண்டக் கூடாதுங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்கிறது. வேணும்னா டொக்டர இங்க கூட்டியாறோம்."

"டொக்டரக் கூட்டியாரலாம். ஆபரேஷன் தியேட்டரக் கூட்டியார முடியுமா?"

"சின்னப் புண்ணுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு" என்றார் அப்பா. அவருக்கு வெட்கமாக இருந்தது. "வலியே இல்லங்கிறேன். நேத்தும் ஆடிக் காட்டுனேனே, பாத்தீங்கதானே?"

"ஆமாங்க, நல்லாத்தானே ஆடினாரு" என்று யாரோ சொன்னார்கள்.

அங்கே வாதாடுவதில் பயன் இல்லை என்று தெரிந்தது. வலி இல்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தி. அது கெட்ட செய்தி என்பதை நான் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. மதனுடைய பூ அம்பு கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தது, நுனியில் கடதாசிப் பூ வைத்தது. அதை எடுத்து சுதாகரனிடம் கொடுத்தேன். அப்பாவிடம், "நீங்க கண்ண மூடுங்க. இவன் எங்க தொடுறான்னு சொல்லுங்க. சரியா சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிர்றேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டு மாதிரி இருந்ததால்தான் அவரும் சம்மதித்தார். கல்லில் உட்கார்ந்து, புண் இல்லாத காலை நீட்டி, கண்ணை மூடினார். அந்தக் காலைத்தான் நான் கேட்டேன், நல்ல காலை.

"மாமா, கூசினா சிரிச்சிராதீங்க. ரதி கை பட்டா சும்மா இருக்காது" என்றான் சுதாகரன். கணுக்காலில் தொட்டான்.

"கணுக்கால்" என்றார் அப்பா. "ஒழுங்கா புடி, அம்பு அது, வெளக்கமாறு இல்ல."

குதிகாலில் தொட்டான். கொஞ்சம் யோசித்து, "குதிகால்" என்றார். சுதாகரன் அம்பை நடுப்பாதத்துக்குக் கொண்டுவந்தான். விரல்களுக்குக் கீழே தேய்த்தான். விரல் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனான். கடைசியில் அம்பின் முனையை விரல் இடுக்கில் வைத்து அழுத்தியே பிடித்தான். அப்பா கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னடா, பயந்துட்டியா? தொடு" என்றார்.

தப்புக் காய்ச்சுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சுதாகரன் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். தன் விரல் இடுக்கில் அம்பு நிற்பதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து சிரிப்பு போக நேரம் எடுத்தது.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சிவனுக்கே உறைச்ச அம்புய்யா இது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழும்பி வந்து, "காப்ப அவுத்து கம்பத்துல கட்டுங்க. போயிட்டு வர்ற வரைக்கும் சாமி கையிலயே இருக்கட்டும்" என்றார். அப்படி ஒரு வழக்கம் இருந்ததா, அந்த நிமிஷத்தில் அவர் உண்டாக்கினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அப்பா தன் கையாலேயே காப்பை அவிழ்த்துக் கட்டினார். சுதாகரனின் திரீவீல் தோட்டத்து எல்லையான பாலத்தைத் தாண்டும்போது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை இருந்தாள். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள். கட்டை அவிழ்த்துவிட்டு, முழந்தாளில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் எடுக்கப் போனாள். அப்பா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் டொக்டர். நீங்க காலத் தொடக் கூடாது. பாவம்."

"யாருக்குப் பாவம் ஐயா?"

"எனக்குத்தான்."

"கால் தாங்க. பாவம் எனக்குத் தாங்க" என்றாள் அவள்.

அவர் காலைக் கொடுத்தார். அவள் கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால், இரண்டு விரலை வைத்து வெகுநேரம் காத்திருந்தாள். நாடி பார்த்தாள். அங்கே இரத்தம் ஓடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் முழங்காலுக்குக் கீழே எடுப்பதா, பாதத்தோடு நிறுத்துவதா என்பது என்று பிறகு எனக்குச் சொன்னாள். "நாடி இருக்கு" என்று அவள் நிமிர்ந்தபோதுதான் நான் மூச்சுவிட்டேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிருமி எலும்புக்குள் போயிருந்தது. முதலில் பெருவிரல், பிறகு மற்றவை, பிறகு முன்பாதம். குச்சியைக் கண்ட அன்றைக்கே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கலாம் என்று அங்கிருந்த சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். அவர் திட்டவில்லை, கேட்டதற்குப் பதில்தான் சொன்னார். கேட்டது அப்பா.

இதை வாசித்துவிட்டு, அம்மா முதல் நாளே திடலுக்குப் போயிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் குற்ற உணர்வை வைத்து உனக்குப் புத்தி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்லும் புத்தியில் சொல்கிறவரைப் பற்றித்தான் பாதி இருக்கும். அன்றைக்கு எல்லாரும் அவரவர் மரியாதைப்படி நடந்துகொண்டோம். டொக்டருக்கு மரியாதையாக அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. சாமிக்கு மரியாதையாகச் செருப்பைப் போடவில்லை. அவருக்கு மரியாதையாக நான் அத்தனை நாளும் நாலு பேர் முன்னால் பேசவில்லை. இத்தனை மரியாதையையும் அவருடைய கால்தான் சுமந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுவது என் வேலையானது. ஆரம்பத்தில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். புண் ஆறி, ஆஸ்பத்திரியில் செய்துகொடுத்த சப்பாத்து வந்து, அதற்குள் பஞ்சு வைத்து நடக்கப் பழகி, திரும்ப பெக்டரிக்குப் போக மாதங்கள் போயின. முதல் முறை எழும்பி நின்றபோது, முன்பாதம் இல்லாதவர் முன்னால் விழப் பார்த்தார். உடம்புக்கு அந்த விரல்கள் இன்னும் அங்கே இருப்பதாக நினைப்பு. இப்போது நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, செய்வதோடு சரி. காலையில் அவர் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஒருநாள் அதற்குள்ளிருந்து சட்டைப் பொத்தான் ஒன்று வந்தது. காலுக்கு அது தெரிந்திருக்காது. மாலையில் முழுசாக மீந்த காலை என் பக்கம் நீட்டுவார். நான் விரல் இடுக்கெல்லாம் பார்த்து, துடைத்து, காய்ந்த தோலுக்கு எண்ணெய் தடவுவேன், இடுக்கில் மட்டும் தடவமாட்டேன், ஈரம் நிற்கக் கூடாது. இத்தனை வருஷக் கல்யாணத்தில் நாங்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை என்று எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

இனி உன்னைப் பற்றி. உன் எரிச்சலுக்கு ரப்பர் பூட்ஸ்தான் காரணமாக இருக்கலாம். நான் டொக்டர் இல்லை, எதையும் எளிதில் நம்புகிறவளும் இல்லை, என் பயத்தையும் சேர்த்துத்தான் நம்பாமல் இருக்கிறேன். ஆனால் சீனியும் எரிச்சலும் ஒரே மாதத்தில் ஒரே ஆளுக்கு வந்திருக்கிறது, அந்த ஆள் இந்த அப்பாவின் மகன். எரிவது நல்லது, நரம்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று அந்த டொக்டர் பிள்ளை சொன்னாள். ஒருநாள் எரிச்சல் தானாக நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வாரமே கிளினிக்குக்குப் போ. மாசி முடியட்டும் என்று வைக்காதே. "கால் எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்லாதே, சப்பாத்தையும் உள்ளே போடுகிற மேஸையும் கழற்று. கேட்காவிட்டாலும் கழற்று. அவர்கள் அவசரத்தில் இருந்தால், "டொக்டர், எங்க அப்பாவுக்குப் பாதி கால் இல்ல, என் உள்ளங்காலப் பாருங்க" என்று சொல். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே சொல். அறையில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, படுக்கப் போகுமுன் அதற்கு மேல் பாதத்தைக் காட்டு. காய்த்த இடத்தை பிளேடால் சீவாதே. எரிகிறது என்று சுடுதண்ணீரில் காலை வைக்காதே, வைக்கத்தான் வேண்டுமென்றால் முழங்கையால் சூடு பார்த்துவிட்டு வை. ஊருக்கு வந்து அட்டை கடித்தால் புகையிலையும் சுண்ணாம்பும் வைக்கிற நம் வைத்தியத்தை விட்டுவிடு, கழுவிக் காயவைத்தால் போதும். ரப்பர் பூட்ஸுக்குள் ஈர மேஸோடு நிற்காதே, மாற்று ஒரு சோடி வைத்துக்கொள்.

கூத்து ஆடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. நீ எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது என் விஷயம். நீ பிறந்த வருஷத்திலிருந்து அந்தத் தப்புச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நீ, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் போன மாசி நீ வரவில்லை, அதனால் இங்கே மாறியது உனக்குத் தெரியாது. இப்போது காப்புக் கட்டுகிறவர்களில் யாருக்காவது சீனி இருந்தால், அவர்கள் கென்வஸ் சப்பாத்துப் போட்டு அதற்கு மேல் சலங்கை கட்டலாம். வைத்தியத்துக்கு எல்லை தாண்டலாம். இதற்காகக் கூட்டம் போட்டார்கள். கிழவர்களில் ஒருவர், "மதன் சப்பாத்துப் போட்டு ஆடுனா சாமி குத்தமாகாதா?" என்று கேட்டிருக்கிறார். சுதாகரன்தான் எழும்பி, "சிவன் மதன நெருப்பாலதான் எரிச்சாரு, செருப்பப் பாத்து கோவிச்சாருன்னு எந்தப் பாட்டுலயும் இல்லீங்களே" என்றானாம். வாத்தியாரைப் பார்த்தார்கள். அப்பா, "இல்ல" என்று ஒரு சொல் சொன்னாராம். தீர்ந்தது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. அதை அப்பா தொடங்கினார், யாரிடமும் கேட்கவில்லை. காப்புக் கட்டுகிற அன்று மஞ்சள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்டிக்கொள்ள வந்தவர்களை எதிரில் உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைக்கச் சொன்னார். உள்ளங்காலைப் பார்த்து, விரலால் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் காப்புக்கு அனுப்பினார். நான் போன மாசி அதைப் பார்க்கவென்றே திடலுக்குப் போனேன். முதலில் வந்தவன் சுதாகரன், அவன் பின்வாங்கினான்.

"மாமா, ஒங்க மடியில கால வச்சா எனக்கு நரகம்தான்."

"எமன் வேசம் கட்டுறவன் இந்தா பக்கத்துலதான் நிக்கிறான். ஒனக்கு சிபாரிசு பண்றேன். வையிடா."

திடலே சிரித்தது. சிரித்துக்கொண்டே அவன் வைத்தான், அவனுக்குப் பின்னால் எல்லாரும் வைத்தார்கள். ஒருவருக்குக் குதிகாலில் வெடிப்பு, ஒருவருக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண். மேசன் வேலை செய்கிற ஒருவருக்கு, அப்பா இரண்டு முறை தொட்டும் தெரியவில்லை. அன்று பின்னேரமே சுதாகரன் அவரை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனான். அவருக்கு இப்போது எல்லா விரலும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு அப்பா வெகுநேரம் வாசலில் நின்றார். உள்ளே வந்து, "அவன வரச் சொல்லு. ஆனா மத்தவங்க கால நான் பாத்த மாதிரி அவன் கால என்னால பாக்க முடியுமான்னு தெரியல" என்றார்.

கொழும்பில் டொக்டர் சொல்வதை எனக்குச் சொல், நல்லதோ கெட்டதோ. பிறகு வா. உன்னைப் பெற்ற தகப்பனின் மடியில் கால் வைக்கக் கூசுவாய், அது எனக்குத் தெரியும், உன்னை அப்படித்தான் வளர்த்தோம். வை. அவர் தொடக் கொஞ்சம் தயங்குவார். காலை இழுத்துக்கொள்ளாதே.

அம்மா